பெஞ்சில் பூசிய பாட்டுகள்

என் மனைவி உயிராக வைத்திருந்த ஆறு இசைத்தட்டுகளை ஸ்பிரிட்டில் கரைத்து, வேதக்கோயில் பெஞ்சுகளுக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டவர் எங்கள் சபை மூப்பர். இதில் சந்தேகம் எதுவும் இல்லை. அவரே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. அவளே விரும்பிக் கொடுத்தாள், மனந்திரும்பிக் கொடுத்தாள் என்று அம்பத்தூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுதான் எனக்கும் அவருக்கும் வழக்கு. தட்டுகள் போனது பெரிதில்லை என்று சொல்ல மாட்டேன். பெரிதுதான். ஆனால் அவற்றைக் கொடுக்கும்போது அவள் என்ன சொன்னாள் என்பது அதைவிடப் பெரிது. அந்த நேரம் அந்த அறையில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

எனக்கு அழகாக எழுத வராது. நான் தச்சன். யுத்தம் தொடங்கிய பிறகு ஆவடி பட்டாளக் கிடங்கில் பெட்டி அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். எஞ்சின், கியர், கண்ணாடி எது வந்தாலும் அதன் அளவுக்குப் பெட்டி அடித்து, உள்ளே வைக்கோல் திணித்து, ரயிலில் ஏற்றுவோம். ஒரு சமயம் அமெரிக்க லாரிகள் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வந்து இறங்கின. அவற்றைப் பூட்டிக் காட்டுவதற்கு நாலைந்து அமெரிக்கர்கள் கூடவே வந்தார்கள். அதில் ஒருவன் நெட்டை. வெயிலில் கழுத்து செங்கல் மாதிரி சிவந்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காலிப் பெட்டி மேல் உட்கார்ந்து கித்தார் வாசித்துப் பாடுவான். பாடிக்கொண்டே வந்தவன் திடீரென்று குரலை உடைத்து மேலே தூக்குவான். மறுபடி கீழே இறக்குவான். மறுபடி தூக்குவான்.

என்னோடு வேலை செய்த ஆள் முதல் நாளே சொன்னான். "இன்னா மாமே இது, கோழி கழுத்தத் திருகினா மாரி கத்துறான்?"

நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்கும் மறுநாள் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. அவன் கைகள் என் கைகளைப் போல இருந்தன. நகத்தில் கறுப்பு, விரலில் காய்ப்பு. பாட்டுக்காரன் கை அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. பாதி ஜாடையிலும் பாதி கிடங்கு இங்கிலீஷிலும் அவன் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: இதெல்லாம் அவன் ஊர் மலைக்காட்டுச் சனங்கள் பாடுகிற பாட்டு. பருத்திக் காட்டில் வேலை செய்கிறவன், சுரங்கத்தில் இறங்குகிறவன், ரயில் பாதை போடுகிறவன் பாடுகிற பாட்டு. அவன் தேசத்திலேயே பட்டணத்துக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்களாம்.

அவனுக்கு வேறு முகாமுக்கு மாற்றல் வந்தபோது கித்தாருக்கு ஒரு பெட்டி கேட்டான். நல்ல பைன் பலகையில், உள்ளே கம்பளி வைத்து அடித்துக் கொடுத்தேன். அவன் ஒரு கனமான அட்டைப் புத்தகத்தை என் கையில் வைத்தான். திறந்தால் பக்கங்களுக்குப் பதில் காகித உறைகள். ஒவ்வொரு உறையிலும் ஒரு தட்டு. மொத்தம் ஆறு தட்டு, பன்னிரண்டு பாட்டு. வழியில் உடைந்துவிடும், நீ வைத்துக்கொள் என்று ஜாடை காட்டினான். ரயில் கூட்டத்தில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாவி கொடுத்துப் பாட வைக்கிற கிராமபோன் பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. கல்யாணத்தில் அவள் அப்பா கொடுத்தது. ஆனால் இரண்டே இரண்டு தட்டுதான் வைத்திருந்தோம். இரண்டும் தேய்ந்து, மழை பெய்கிற மாதிரி இரைச்சல் போடும். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, சாப்பிடாமல்கூட, அவள் அமெரிக்கத் தட்டில் முதலாவதைப் போட்டாள்.

எடுத்த எடுப்பில் ஒருவன் பிடிலைப் பிடித்து உலுக்கினான். மை போடாத வண்டி அச்சு கிறீச்சிடுவது போல இருந்தது. ஆனால் அந்தக் கிறீச்சலுக்குள் ஓர் இனிப்பு. கித்தார்க் கம்பி மேல் இரும்பை வைத்து வழுக்கி வழுக்கி ஒருவன் வாசித்தான். பிறகு குரல். அவள் தரையில் உட்கார்ந்து பெட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். "இன்னொரு வாட்டி போடறேன். நீங்க சாப்பிடுங்க."

அன்றைக்கு நான் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

பிறகு அதுவே எங்கள் வாழ்க்கை ஆகிவிட்டது. நான் ஆவடியிலிருந்து ஐந்தரை மணி வண்டியில் வந்து இறங்கி ஏரிப் பக்கமாக நடந்து வரும்போதே பாட்டு கேட்கும். யுத்தத்தில் கிராமபோன் ஊசி கிடைக்கவில்லை. அவள் ஏரிக்கரைக் கருவேல முள்ளைப் பறித்து வந்து, பிளேடால் சீவி, வெயிலில் உலர்த்தி ஊசியாகப் போட்டாள். முள்ளில் சத்தம் குறைவு. ஆனால் தட்டு தேயாது என்றாள். ஓட்டு வீட்டுச் சூட்டில் தட்டு வளைந்துவிடக் கூடாதென்று கட்டிலுக்குக் கீழே ஈரச் சாக்கு விரித்து, அதன் மேல் பலகை போட்டு, அதன் மேல் அந்தப் புத்தகத்தை வைத்தாள். எனக்கு அப்படி ஒரு கவனிப்பு நடந்ததில்லை. அதைச் சொன்னதற்கு, "நீங்க வளைஞ்சா நிமித்திக்கலாம்" என்றாள்.

மிஷன் பள்ளியில் அவள் ஐந்தாவது வரை படித்தவள். கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவாள். ஒரு நோட்டில் காதில் விழுந்த சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினாள். புரிந்தது நாலில் ஒன்று. ரயில், அம்மா, ஜெயில், மலை, வீடு. அதையே பாட்டுகளுக்குப் பெயராக வைத்தோம். அம்மா பாட்டு, ஜெயில் பாட்டு என்று. ரயில் பாட்டில் அந்த ஆள் வண்டி கூவுவது போலவே கூவுவான். அது அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும்.

ஒரு நாள் சொன்னாள். "கவனிச்சீங்களா? எல்லாப் பாட்டுலயும் யாரோ ஊரவிட்டுப் போய்க்கினே இருக்காங்க. ஒருத்தர்கூட வந்து சேர மாட்டேங்கறாங்க."

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா. வயலும் மாடும் உள்ள குடும்பம், நெற்றியில் பெரிய குங்குமம். பால் கொண்டுவந்தால் பாட்டு முடியும் வரை போக மாட்டாள். ஒரு வார்த்தை புரியாது. "இன்னாடி தங்கச்சி, இன்னிக்கு அந்த அழுவாச்சிப் பாட்டு போடலியா? எனக்கு அயுது ரெண்டு நாளாச்சி" என்பாள்.

இந்தச் சந்தோஷத்தில்தான் என் மனைவி ஒரு தப்பு செய்தாள். ஒரு தட்டில் இருந்த பாட்டு, நாங்கள் கோயிலில் தமிழில் பாடுகிற ஒரு பாட்டின் அதே மெட்டு. முதலில் கண்டுபிடித்தது அவள்தான். துள்ளிக் குதித்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது மூப்பரிடம் போய், "ஐயா, நம்ம பாட்டு அமெரிக்காவுல பாடறாங்க, வந்து கேளுங்க" என்று கூப்பிட்டுவிட்டாள். அவரும் மாதர் சங்கத்துப் பெண்கள் நாலு பேரும் வந்தார்கள்.

பாட்டு போட்டாள். எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். மூப்பர் கூடவே தமிழில் முணுமுணுத்தார். முடிந்ததும், "தோத்திரம்! மறுபக்கம் என்னம்மா?" என்றார்.

மறுபக்கம் என்ன என்று எங்களுக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கண் காட்டினேன். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். திருப்பிப் போட்டாள். நாலைந்து ஆண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம். கண்ணாடிக் குப்பிகள் மோதுகிற சத்தம். ஒருவன் ஏப்பம் விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தான். அதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை.

மாதர் சங்கத்து அம்மா ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். மூப்பர் எழுந்தார்.

"ஒரே தட்டுல கர்த்தரும் கள்ளுக்கடையும். நல்லாருக்கும்மா."

அவள் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். "கள்ளுக்கடையில இருக்கறவன் இந்தப் பக்கம் திரும்பி வர்றதுக்கு ஒரு திருப்புதான் ஐயா வேணும்."

எனக்கு அப்படி ஒரு பெருமை. சத்தமாகச் சிரித்துவிட்டேன். அது என் தப்பு. மூப்பர் காப்பியைத் தொடாமல் போனார். அன்றையிலிருந்து எங்களிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஆனால் வேலை என்றால் கூப்பிடுவார். மிஷன் துரை எங்கள் கோயிலுக்கு வரப்போகிறார் என்று செய்தி வந்தது. பெஞ்சுகள் வெளுத்துக் கிடந்தன. பாலிஷ் போட என்ன வழி என்று என்னைக் கேட்டார். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால்தான் பாலிஷ். "அரக்கு ஒரு பலம் கெடைக்காது ஐயா, எல்லாத்தையும் பட்டாளம் வாரிக்கினு போவுது" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "உடைஞ்ச கிராமபோன் பிளேட் இருந்தா கரைச்சிக்கலாம், அதுவும் அரக்குதான்" என்று பெரிய கெட்டிக்காரன் மாதிரி சொல்லி வைத்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் கிடங்கில் எங்கள் செட்டில் ஆறு பேரை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். மறுக்க முடியாது. புறப்படுகிற காலையில் அவள் ரயில் பாட்டைப் போட்டாள். எனக்காகத்தான் போட்டாள். நான் ட்ரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். போகிறோமே என்ற ஆத்திரம் எனக்கு. அதை அவள் மேல் காட்டினேன்.

"கெளம்பற நேரத்துல இந்த ஒப்பாரி எதுக்கு? நிறுத்து. ஊட்டுக்கு ஆவாது."

அவள் ஊசியைத் தூக்கினாள். தட்டைத் துடைத்து உறையில் போட்டாள். சாப்பாட்டு மூட்டையைக் கையில் கொடுத்தாள். நான் அவளிடம் நேரில் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வீட்டுக்கு ஆகாது என்றது.

மூன்றாம் மாதம் அவளுக்கு விஷக்காய்ச்சல். பூந்தமல்லியிலிருந்து டாக்டர் இரண்டு தடவை வந்திருக்கிறார். எனக்குத் தந்தி வந்தபோது கூடவே இன்னொரு தந்தியும் வந்தது. முதல் தந்தி காய்ச்சல் என்றது. இரண்டாவது முடிந்தது என்றது. இரண்டையும் கிடங்கு ஆபீசர் ஒன்றாகத்தான் கொடுத்தார். நான் வந்து இறங்கியபோது மண் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது.

வீட்டில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கட்டிலுக்குக் கீழே சாக்கு காய்ந்து கிடந்தது. அட்டைப் புத்தகம் இருந்தது. தூக்கினேன். கனமே இல்லை. ஆறு உறையும் காலி.

பக்கத்து வீட்டு அக்கா வந்து வாசலில் உட்கார்ந்தாள். அவள்தான் கடைசி வரை பார்த்துக்கொண்டவள். என் சொந்தக்காரர் ஒருவரும் காய்ச்சல் வீட்டுக்குள் வரவில்லை. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பாதிரியார் எட்டு ஊருக்கு ஒருவர். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீட்டில் வந்து அப்பமும் ரசமுமாக நற்கருணை கொடுப்பதற்கு முந்தின நாள், மூப்பர் தனியாக வந்து ஜெபம் செய்து, "உனக்கும் கர்த்தருக்கும் நடுவுல இந்த ஊட்டுல ஏதாவது இருக்குதா?" என்று கேட்க வேண்டும். சண்டை இருந்தால் தீர்த்துக்கொள்ள, பதுக்கிய பொருள் இருந்தால் திருப்பிக் கொடுக்க. நல்ல வழக்கம்தான். நான் குறை சொல்லவில்லை. அந்த நேரம் வேறு யாரும் உள்ளே இருக்கக் கூடாது.

"என்னிய வெளிய போன்னாரு அண்ணாத்தே. நான் மாட்டாண்ட போய் நின்னுகினேன். கொஞ்ச நாழி கழிச்சி அவரு வெளிய வந்தாரு, போர்வைல சுத்தி எத்தையோ தூக்கிகினு. உள்ள போனா தங்கச்சி அயுதுகினு கீது. இன்னாடி ஆச்சின்னேன். ஒண்ணுமில்லக்கான்னுச்சி. அவ்ளோதான்."

"அப்புறம்?"

"அந்தப் பொட்டிய கட்டிலாண்ட எடுத்தாரச் சொல்லுச்சி. சாவி குடுக்கச் சொல்லுச்சி. பிளேட்டு இல்ல. சும்மா சுத்துது. அத்தயே பாத்துகினு கீது. நின்னுட்டா மறுபடி குடுன்னுது. எனக்கு பயமாப் பூட்ச்சி அண்ணாத்தே."

மனந்திரும்பினவள் ஏன் வெறும் பெட்டியைச் சுற்றவிட்டுப் பார்க்க வேண்டும்? இதை எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். ஒரு நாள் அது ஏக்கம் என்று தோன்றும். இன்னொரு நாள், விட்டுவிட்டேன் பார் என்று தனக்கே காட்டிக்கொண்டாளோ என்று தோன்றும். என்னால் தீர்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனேன். பெஞ்சுகள் எல்லாம் கறுப்பாக மின்னின. மிஷன் துரை வந்து பாராட்டிவிட்டுப் போயிருந்தார். உட்கார்ந்து பலகையின் அடியில் கையைக் கொடுத்தேன். தச்சன் கை தானாகவே போகும். சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருந்தது. அரக்குப் பாலிஷ் அப்படி இருக்காது. கிராமபோன் தட்டில் பாதிக்கு மேல் கல் பொடி. வடிகட்டத் தெரியாதவன் கரைத்துப் பூசியிருக்கிறான். குனிந்து பார்த்தேன். கால் இடுக்கில் ஒரு சிவப்புக் காகிதத் துண்டு பாலிஷோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம். அதில் மூன்று இங்கிலீஷ் எழுத்து மீதி இருந்தது.

அன்றைக்குச் சபை முழுக்க எழுந்து நின்று பாடிய பாட்டு, அந்தத் தட்டில் இருந்த அதே மெட்டு. நான் பாடவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். பின்னால் இருந்தவர் என் தோளில் தட்டி எழுந்திருக்கச் சொன்னார். எழுந்திருக்கவில்லை.

முடிந்ததும் மூப்பரை வாசலில் நிறுத்தினேன். "தட்டு எங்க ஐயா?"

"அந்தம்மாவே குடுத்தாங்க தம்பி. ஊழியத்துக்கு உபயோகமாச்சி. சந்தோஷப்படு."

"என்ன சொல்லிக் குடுத்தா?"

"உன் சம்சாரம் பரலோகத்துல இருக்குது. நீ பிளேட்டக் கேட்டுகினு நிக்கற."

"பரலோகத்தப் பத்திக் கேக்கல. அவ வாயால என்ன சொன்னான்னு கேக்கறேன்."

அவர் என் தோளில் கை வைத்தார். "துக்கத்துல பேசற. போய் ஜெபம் பண்ணு." போய்விட்டார்.

அவ்வளவோடு முடிந்திருந்தால் நானும் மென்று விழுங்கியிருப்பேன். மாதர் சங்கத்தில் அவர் அவளைச் சாட்சியாக வைத்துப் பேசினார். உலகப் பாட்டுக்கு அடிமையாகக் கிடந்த ஒரு சகோதரி, சாகுமுன் தன் கையாலேயே அந்தப் பாவத்தைத் தூக்கிக் கொடுத்தாள் என்று. பாதிரியாரிடம் சொன்னது வேறு: அவரே கேட்டாராம், அவள் சரி என்றாளாம். திருநின்றவூர் கூட்டத்தில் இன்னும் வேறு: அவள் உடைத்துப் போடச் சொல்லிக் கதறினாளாம். மூன்று இடத்தில் மூன்று கதை. நடந்தது ஒன்றாகத்தானே இருக்க முடியும்? அன்று முந்தானையை வாயில் வைத்துச் சிரித்த அதே அம்மா ஆவடி ஸ்டேஷனில் என்னைப் பார்த்து, "உங்க வீட்டம்மா மாதிரி ஒரு சாவு எல்லாருக்கும் கெடைக்கணும்" என்றாள். நான் அவளைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுத முடியாது.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. அமெரிக்கர்கள் போய்விட்டார்கள். இங்கிலீஷ்காரனும் போகப்போகிறான் என்று ரயிலில் எல்லோரும் பேசுகிறார்கள். மூர் மார்க்கெட்டில் அந்த மாதிரித் தட்டுகளைத் தேடினேன். ஒன்றிரண்டு கிடைத்தது. அதே கித்தார், அதே குரல் உடைப்பு. வாங்கி வந்து அவளுடைய பெட்டியில் போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் நோட்டு இருக்கிறது. ரயில் பாட்டுக்கு அவள் எழுதியதில் எட்டு வரி முழுசாக இருக்கிறது. ஒன்பதாவது வரியில் இரண்டு சொல் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள். மறுபடி கேட்டு எழுத நினைத்திருப்பாள்.

மூப்பரே, இனி உம்மிடமே நேராகப் பேசுகிறேன். நீர் அவளிடமிருந்து பிடுங்கியிருந்தால், எனக்கு உம் மேல் கோபம் இருக்கும். அவ்வளவுதான். கோபத்தோடு நான் வாழ்ந்துவிடுவேன். நீர் நயமாகக் கேட்டு, காய்ச்சலில் கிடந்தவள் தெம்பில்லாமல் சரி என்றிருந்தால், அதையும் தாங்குவேன். அவளே உண்மையாக மனந்திரும்பி, இது பாவம் என்று கொடுத்திருந்தால், அழுதாலும் தலைகுனிந்து ஏற்றுக்கொள்வேன். என்னைத் தூங்கவிடாதது நாலாவது ஒன்று. "இது வீட்டுக்கு ஆகாது என்று என் புருஷன் சொன்னார்" என்று சொல்லி அவள் கொடுத்தாளா? நான் எரிந்து விழுந்த அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு மூன்று மாதம் மருகி, என் உயிருக்கு ஏதும் வந்துவிடக் கூடாதென்று, அவளுக்கு மிகவும் பிடித்ததை எடுத்து உம்மிடம் நீட்டினாளா? அப்படியென்றால் கரைத்தது நீர் இல்லை. நான்.

இதை உம் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்து என் காதில் சொல்ல வேண்டாம். தனியாக ஏற்கெனவே கேட்டுவிட்டேன். நீர் ஜெபம் பண்ணச் சொல்லி அனுப்பினீர். அவளைப் பற்றி ஊர் ஊராகச் சபை நடுவில் நின்று பேசியது நீர். ஆகையால் சபை நடுவிலேயே பதில் சொல்லும். வருகிற ஞாயிறு, ஆசீர்வாதம் முடிந்து ஒருவரும் எழுந்து போகும் முன், பாதிரியார் இருக்க, மாதர் சங்கம் இருக்க, பக்கத்து வீட்டு அக்காவையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, எழுந்து நின்று சொல்லும்: முதலில் அந்தத் தட்டுகளைப் பற்றிப் பேசியது யார், அவளா, நீரா? அவள் சொன்ன வார்த்தைகள் என்ன? கூட்டாமல், குறைக்காமல், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லும்.